செத்தத் தள்ளுங்க

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்குள் ஏதாவது ஒன்று மக்கர் செய்யட்டும்: ஜன்னல் ஷட்டர் பாதியில் நிற்கட்டும், கண்டக்டரின் விசில் ஊதாமல் போகட்டும், முன் சீட்டுப் பெண்ணின் குடை விரிய மறுக்கட்டும். உடனே பின்னாலிருந்து ஒரு கை நீளும். கைக்குப் பின்னால் ஒரு குரல் வரும்.

“செத்தத் தள்ளுங்க, நான் பாக்கேன்.”

வாசகர்களே, நாம் பார்க்கப்போவது இந்தக் கைக்கும் குரலுக்கும் சொந்தக்காரரை. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ‘செத்த’ என்றால் கொஞ்சம், சிறிது என்றுதான் அர்த்தம். அமங்கலமான அர்த்தம் எதுவும் கிடையாது. அந்த அர்த்தம் சாமானுக்கு உண்டு. ஆனால் அது இவர் கை வைத்துச் செத்த நேரம் ஆன பிறகுதான்.

இந்த இனத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. அறுபத்துமூவருக்குப் பக்கத்தில் இன்னொரு பீடம் போடச் சொல்லும் அளவுக்குத் தொண்டு செய்கிறவர்கள் என்பதால், செத்தத்தள்ளியார் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

செத்தத்தள்ளியாரைத் தொழிலை வைத்து அடையாளம் காண முடியாது. மில்லில் ஃபிட்டராக இருப்பார், பாங்கில் காசாளராக இருப்பார், பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருப்பார். சட்டைப் பையை வைத்துக் காணலாம். பேனாவுக்குப் பக்கத்தில், பேனாவைவிட மரியாதையாக, கரண்ட் பார்க்கும் டெஸ்டர் ஒன்று செருகியிருக்கும். மஞ்சள் பிடி. அதை அவர் வீட்டில் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை. அவர் வீட்டில் நாலு மாதமாக ஃபேன் சுற்றவில்லை, குழாய் சொட்டுகிறது, காலிங் பெல்லை அழுத்தினால் சமையலறை விளக்கு எரிகிறது. அதெல்லாம் அவர் கண்ணில் படாது. ஊரார் சாமானில்தான் அவருக்குக் கை வரும்.

புரட்டாசிச் சனிக்கிழமை திருவண்ணாமலைக்குக் (ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் திருவண்ணாமலை, நீங்கள் நினைக்கிறது இல்லை) கூட்டம் ஏற்றிப்போகும் பஸ் நடுவழியில் நின்றால், மற்றவர்கள் கோவிந்தா சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பிப்பார்கள். இவர் மட்டும் சாமியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பானெட்டுக்குள் தலையை விடுவார். டிரைவர் ஏற்கெனவே உள்ளேதான் இருப்பார். இருந்தாலும் என்ன? டிரைவருக்கு ஓட்டத்தானே தெரியும்?

அவருடைய சிகிச்சைக்கு ஒரு முறை உண்டு. முதலில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாமானைப் பார்ப்பார், பெண் பார்க்க வந்த மாமனார் மாதிரி. பிறகு, “இதுல யாரு கை வச்சது?” என்பார். யாராவது வைத்திருப்பார்கள், சாமான் என்றால் கை வைக்கத்தானே வேண்டும். வைத்தவர் குற்றவாளி ஆகிவிடுவார். அடுத்து, “வாங்கும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா” என்பார். சாமானுக்குச் சொந்தக்காரர் தலையைக் குனிந்துகொள்வார். அதற்கப்புறம் ஊதுவார்.

ஊதுவதில்தான் எங்கள் ஊர்க்காரரைத் தனியாகத் தெரியும். மற்ற ஊர்ச் செத்தத்தள்ளியார்கள் தட்டித்தான் ஆரம்பிப்பார்கள் என்று கேள்வி. ராஜபாளையத்தில் ஊதித்தான் ஆரம்பம். ஏனென்றால் இது மில் ஊர். பஞ்சு எங்கேயும் இருக்கும். ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் புருவத்தில், டீக்கடை பாட்டில் மூடியில், சைக்கிள் செயினில், எல்லாவற்றிலும் ஒரு இழை ஒட்டியிருக்கும். நூல் சுற்றும் ஸ்பிண்டில் நின்றுபோனால் ஊதினால் ஓடும் என்று இருபது வருஷம் பார்த்தவர், கடிகாரம் நின்றாலும் ஊதுவார், கால்குலேட்டர் நின்றாலும் ஊதுவார். ஊதியும் ஓடாவிட்டால் தட்டுவார். தட்டியும் ஓடாவிட்டால், “எர்த்து இல்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். எர்த்து இல்லாததற்குச் சாமானும் பொறுப்பில்லை, அவரும் பொறுப்பில்லை. பூமாதேவிதான் பொறுப்பு.

இவ்வளவு தைரியம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறீர்களா? ஒவ்வொரு செத்தத்தள்ளியாருக்கும் பூர்வீகத்தில் ஒரு வெற்றி இருக்கும். ஒன்றே ஒன்று. அதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கச் சாப்பிடுவார்.

எனக்குத் தெரிந்த தவசிமுத்து அண்ணாச்சியின் வெற்றி எண்பத்தேழாம் வருஷம், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், அவருடைய மாமனார் வீட்டில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு தெருவே அந்த வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறது. புராணத் தொடரில் அம்பு புறப்பட்டுவிட்டது. போய்ச் சேருவதற்குள் திரை கறுத்து, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று எழுத்து வந்துவிட்டது. அண்ணாச்சி எழுந்தார். “செத்தத் தள்ளுங்க” என்றார். டி.வி.யின் இடது பக்கத்தில், மேலிருந்து ஒரு சாண் கீழே, உள்ளங்கையால் ஓர் அடி. அம்பு போய்த் தைத்தது. தெரு கைதட்டியது. கொடைக்கானலில் டவருக்குப் பக்கத்தில் யாரோ ஒரு மனிதர் அதே விநாடியில் ஏதோ ஒரு சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். அவருக்கு யாரும் கைதட்டவில்லை.

அன்றிலிருந்து தவசிமுத்து அண்ணாச்சிக்கு எந்த மெஷினாக இருந்தாலும் இடது பக்கம் ஒரு சாண் கீழேதான்.

இப்போது தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துக்கு வாருங்கள். தென்காசி ரோட்டில், மாடியில், வைகுண்டராஜின் கம்ப்யூட்டர் சென்டர். வாசலில் ‘செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்’ என்று போர்டு. உள்ளே பூப்போட்ட உறை தைத்துப் போர்த்திய இரண்டு கம்ப்யூட்டர், புதிதாக வாங்கிய ஒரு கலர் பிரிண்டர், அதற்குத் தினமும் ஒரு முழம் கதம்பம். வைகுண்டராஜ் மெதுவான மனிதர். எதையும் படித்துப் பார்த்துத்தான் செய்வார். மெதுவான மனிதர்களின் முதுகுக்குப் பின்னால்தான் செத்தத்தள்ளியார்கள் முளைக்கிறார்கள்.

நான் நாலு பக்கக் கவிதை ஒன்றை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் அப்துல் ஹமீது என்கிறவரும் அவர் மனைவி ஹாஜராவும் உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜராவின் மடியில் நாற்பது நாள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஹமீதுக்கு அரபு நாட்டில், தம்மாமில் வேலை. பிள்ளை பிறந்ததற்கு லீவில் வந்தவர், அன்று மாலை நாலு மணி வேனில் திருவனந்தபுரம் போய் விமானம் ஏற வேண்டும். இனி வர இரண்டு வருஷம் ஆகும். கையில் அறைத் தோழனிடம் இரவல் வாங்கி வந்த ஒரு டிஜிட்டல் கேமரா. ஃபிலிமே கிடையாது என்றார்கள். உள்ளேயிருந்து ஹமீது ஓர் அட்டையை எடுத்தார். தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிது, அப்பளத்தைவிட மெல்லிசு. ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் தங்க நிறம். அதைச் செருகிப் படிக்க வைக்கும் கார்டு ரீடர் என்று சோப்பு டப்பா அளவில் ஒன்று, அதற்கு ஒரு வால், வாலின் முனையில் கம்ப்யூட்டரின் முதுகில் மாட்டும் தட்டையான பின். கூடவே ஒரு சி.டி.யும் குட்டிப் புத்தகமும்.

“இதுல பதினாறு போட்டோ இருக்கு” என்றார் ஹமீது. “ஒண்ணே ஒண்ணு பிரிண்ட் போட்டா போதும்.”

“எதுக்கு அவசரம், அங்க போயி அனுப்புறேன்னேன். கேக்க மாட்டேங்கா” என்று அவரே மனைவியைக் காட்டினார்.

ஹாஜரா குழந்தையை விட்டுத் தலை நிமிராமல் சொன்னாள்: “கல்யாண போட்டோவும் அங்க போயி அனுப்புறேன்னுதான் சொன்னிய. கல்யாணமாகி மூணு வருசமாச்சு. கேமரா அந்த ஆளு கைக்குப் போனா மொத வேலையா எல்லாத்தையும் அழிச்சுருவாருன்னும் நீங்கதான் சொன்னிய.”

ஹமீது பிரிண்டரைப் பார்த்தார்.

“பதினஞ்சுல நானும் பிள்ளையும் இருக்கோம்ணே” என்றாள் வைகுண்டராஜிடம். “இவுக பிள்ளையத் தூக்கி வச்சிருக்கது ஒண்ணுதான். நான் எடுத்தேன். ரெண்டு வருசம் கழிச்சு இவுக வந்து நிக்கும்போது, யாருன்னு தெரியாம பிள்ளை அழுதுறக் கூடாதுல்ல. தெனமும் காட்டணும், இதுதான் ஒன் அத்தா, ஒன்னப் பெத்தவுகன்னு.”

மணி இரண்டரை. வைகுண்டராஜ் குட்டிப் புத்தகத்தை விரித்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். முதலில் சி.டி.யைப் போடு, பிறகு பின்னை மாட்டு, பிறகு அட்டையைச் செருகு என்று அதில் இருந்தது. அப்படியே செய்தார். கம்ப்யூட்டர் மணல் கடிகாரத்தைக் காட்டியது. புதிதாக ஒரு சாதனம் வந்திருப்பதாகச் சொன்னது. எல்லாம் கூடி வந்தது. அட்டையைச் செருகினார். உள்ளே எதுவும் செருகப்படவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. எடுத்து மறுபடி செருகினார். மறுபடியும் அதையே சொன்னது.

“அண்ணே” என்றாள் ஹாஜரா மெதுவாக, “திருப்பிப் போட்டுப் பாருங்க. கேமராவுல தங்கக் கலர் கீழ பாத்து இருக்கும்.”

அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றாமல் தவசிமுத்து அண்ணாச்சி வந்தார்.

மச்சினனுக்குப் பயோடேட்டா அடிக்க வந்திருந்தார். “வைகுண்டம், ஃபார்மேட் முக்கியம் பாத்துக்க. மில் ஆபீசுக்குன்னு ஒரு ஃபார்மேட் உண்டு. ஃபார்மேட்ல இல்லன்னா, எம்புட்டுப் படிச்சிருந்தாலும் தூக்கிக் குப்பையில போட்டுருவான்” என்றார். லீவு லெட்டருக்கு ஃபார்மேட், அட்வான்சுக்கு ஃபார்மேட், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு ஃபார்மேட் என்று மில்லில் இருபது வருஷமாக ஃபார்மேட்டிலேயே மூச்சு விட்டவர். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

காத்திருந்த நேரத்தில் மேஜைமேல் இருந்த என் பக்கங்களைப் புரட்டினார். “தம்பி, ஏன் பாதி லைன்லயே முறிச்சு முறிச்சு விட்டிருக்கிய? பேப்பர் வேஸ்டுல்லா. சேத்து அடிச்சா நாலு பக்கமும் ஒரு பக்கத்துல முடிஞ்சிரும்” என்றார். வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அவர் பேனாவை எடுத்து வரிகளுக்கு நடுவே கோடு போட்டு இணைத்துவிட்டார். மூன்று மாதமாக நான் உடைத்ததை மூன்று நிமிஷத்தில் ஒட்டிவிட்டார் என்று சொல்ல வேண்டும்.

அதற்குள் அவர் கண்ணில் வால் வைத்த சோப்பு டப்பா பட்டுவிட்டது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

“என்னது இது?”

வைகுண்டராஜ் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

“இதுல யாரு கை வச்சது?”

“நான்தான் அண்ணாச்சி, புக்கப் பாத்து…”

“புக்கப் பாத்தா? ஏலே, புக்குல ஓடுதது வேற, கையில ஓடுதது வேறலே. செத்தத் தள்ளு, நான் பாக்கேன்.”

வைகுண்டராஜ் தள்ளினார். அவர் கடை, அவர் கம்ப்யூட்டர், அவர் நாற்காலி. ஆனாலும் தள்ளினார். இந்த வாக்கியத்துக்கு அப்படி ஒரு சக்தி உண்டு. சொல்கிறவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பதற்குள் நம் பிட்டம் ஓர் அடி நகர்ந்துவிடுகிறது.

அண்ணாச்சி முதலில் கம்ப்யூட்டரின் இடது பக்கத்தில், ஒரு சாண் கீழே, ஓர் அடி கொடுத்தார். பிரிண்டர்மேல் இருந்த கதம்பம் விழுந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. பின்னைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் மாட்டினார். போகவில்லை. “சதுரமா உள்ளது எப்பிடிப் போட்டாலும் போகணும்லா” என்று அழுத்தினார். பிறகு திருப்பினார். போய்விட்டது. கம்ப்யூட்டர் மறுபடியும் முதலிலிருந்து, புதிதாக ஒரு சாதனம் வந்திருப்பதாகவும் அதன் சி.டி. வேண்டும் என்றும் சொன்னது.

“பாத்தியா, இப்ப பேசுது” என்றார்.

அது அரை மணிக்கு முன்னாலேயே பேசி முடித்ததைத்தான் மறுபடி பேசியது. வைகுண்டராஜ் இன்னொரு தடவை சி.டி.யைப் போட்டார். மணல் கடிகாரம் சுற்றியது. மணி மூன்று. ஹமீது கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு யாரையும் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

உள்ளே எதுவும் செருகப்படவில்லை என்று கம்ப்யூட்டர் மூன்றாம் முறையாகச் சொன்னது.

“அண்ணே, தங்கக் கலரு கீழ…” என்றாள் ஹாஜரா.

அண்ணாச்சி டெஸ்டரை எடுத்துக் கம்ப்யூட்டரின் முதுகில் வைத்தார். சிவப்பாக மினுக்கியது. எங்கள் ஊரில் எந்தக் கம்ப்யூட்டரின் முதுகில் வைத்தாலும் மினுக்கும். “எர்த்து இல்ல” என்றார் அறையைச் சுற்றிப் பார்த்து. “எர்த்து இல்லாமப் பிள்ளை போட்டோ எப்பிடி வரும்? ஒரு வயரு இருந்தா ஜன்னல் கம்பியில கட்டிவிட்டுருவேன்.”

“வயரு இல்ல அண்ணாச்சி” என்றார் வைகுண்டராஜ், காலடியில் சுருட்டி வைத்திருந்த வயரை மெதுவாக மேஜைக்கு அடியில் தள்ளிக்கொண்டே. அந்த மனிதர் அன்று செய்த ஒரே வீரச்செயல் அது.

வயர் இல்லாததால் அண்ணாச்சி அட்டையை உருவினார். உதட்டருகே கொண்டுபோனார்.

“ஊதாதிய” என்றாள் ஹாஜரா.

ஊதினார். இருபது வருஷ மில் ஊதல். பஞ்சு இருந்திருந்தால் கேரளா எல்லையைத் தாண்டியிருக்கும். பஞ்சு இல்லை, எச்சில்தான் இருந்தது. தங்க நிறத்தில் பொடிப்பொடியாகப் பளபளத்தது. அதைச் சட்டை முனையால் ஒரு தடவு தடவினார். தடவும்போது அட்டையைத் திருப்பிப் பிடித்தார், திருப்பிப் பிடித்தபடியே செருகினார். தங்க நிறம் கீழே பார்த்துப் போயிற்று. இவர்களிடம் இன்னொரு விசேஷம் இது: பிறத்தியார் சொன்ன யோசனை காது வழியாக நுழைந்து கை வழியாக வெளியே வந்துவிடும், வாய்க்கு மட்டும் சேதி போகாது.

சரியான பக்கம்தான். ஆனால் ஈரம். கம்ப்யூட்டருக்கு ஏதோ பிடிபட்டது, என்னவென்று பிடிபடவில்லை. ஒரு சின்னக் கட்டம் எழுந்து வந்து ஆங்கிலத்தில் கேட்டது: உள்ளே இருக்கும் டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது ஃபார்மேட் செய்யட்டுமா? கீழே இரண்டு பொத்தான். யெஸ். நோ.

அண்ணாச்சியின் முகத்தில் எண்பத்தேழாம் வருஷத்து வெளிச்சம் வந்தது.

“என்ன சொல்லுது?” என்றார் ஹமீது.

“நான் வந்ததும் வராததுமா என்ன சொன்னேன்? ஃபார்மேட்தான் முக்கியம்னு சொன்னேனா இல்லையா? உள்ள உள்ளதெல்லாம் ஃபார்மேட்ல இல்லையாம். எடுத்தவிய சரியா எடுக்கல போல. இப்ப ஃபார்மேட்டுக்குக் கொண்டு வந்துரட்டுமான்னு கேக்குது.”

“அண்ணாச்சி, செத்தப் பொறுங்க” என்றார் வைகுண்டராஜ். “ஃபார்மேட்டுன்னா அழிஞ்சிரும்னு நெனைக்கேன்.”

“நெனைக்கியா, தெரியுமா?”

“புக்குல பாத்து…”

“அழிக்கதுக்கு டெலீட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கா இல்லையா? அழிக்கணும்னா அத எழுதிருக்க மாட்டானா? இம்புட்டுப் படிச்சவனுக்கு அது தெரியாமலா இருக்கும்?”

வைகுண்டராஜ் புத்தகத்தைப் புரட்டினார். பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.

“அதுவா எதுவும் பண்ணல பாரு. மரியாதையாக் கேக்குது. கேக்கிறவுககிட்ட வேண்டாம்னா சொல்லுவாக? தம்பி, நீரு சொல்லும். யெஸ்ஸக் குடுத்துருவோமா?”

ஹமீது வியர்வையைத் துடைத்தார். சாமானுக்குச் சொந்தக்காரர்களுக்குச் செத்தத்தள்ளியார்கள் கொடுக்கிற ஒரு நோய் இருக்கிறது. அதற்குப் பெயர் நன்றி. பழுது சரியாகும் முன்பே அது வந்துவிடும். பாவம், நமக்காக எவ்வளவு நேரம் மெனக்கெடுகிறார், செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார், இவரிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது? பத்து நிமிஷ நன்றியில் பத்து வருஷ ரேடியோவைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள்.

“அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் ஹமீது.

அம்புக்குறி யெஸ்ஸை நோக்கி ஊர்ந்தது. அண்ணாச்சிக்கு மவுஸ் புதிது. மேஜை விளிம்புக்கு வந்து முட்டியது, தூக்கி வைத்தார், மறுபடி ஊர்ந்தது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியும். முந்தின மாதம் என் பிளாப்பி ஒன்று இதே கேள்விக்கு யெஸ் வாங்கிக்கொண்டு, பிறந்த நாளன்று இருந்ததுபோலச் சுத்தமாகத் திரும்பி வந்திருந்தது. தெரிந்தும், தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

“தண்ணி குடிங்க தம்பி” என்றார் அண்ணாச்சி, திரும்பாமல்.

அப்போது ஹாஜரா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

“அண்ணே, பிள்ளையச் செத்தப் பிடிங்க.”

கேட்டது ஒரு பெண். கொடுப்பது ஒரு குழந்தை. கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று இப்போதுதான் தன் வாயால் சொல்லியிருக்கிறார். தவசிமுத்து அண்ணாச்சி மவுஸை விட்டார். ஒரு கையை நீட்டினார்.

“ரெண்டு கையும் வேணும்ணே. கழுத்து இன்னும் நிக்கல.”

இரண்டாவது கையும் வந்தது. ஹாஜரா குழந்தையை அவர் முழங்கை மடிப்பில் வைத்து, தலைக்குக் கீழே அவர் உள்ளங்கையைத் தானே விரித்து வைத்தாள். டி.வி.யை அடித்த கை. இடது பக்கம், ஒரு சாண் கீழே. அந்தக் கை இப்போது அசைய முடியாது. அசைந்தால் பிள்ளை விழித்துக்கொள்ளும். அதைவிட மோசமாகவும் ஏதாவது ஆகும். அண்ணாச்சி மூச்சைக்கூட அளந்து விட்டார்.

“செத்தத் தள்ளுங்க” என்றாள் ஹாஜரா.

தள்ளினார்.

“அண்ணே, நோ குடுங்க” என்றாள் வைகுண்டராஜிடம். அவர் கொடுத்தார். அவ்வளவு வேகமாக வைகுண்டராஜ் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அவள் அட்டையை உருவினாள். தோளில் கிடந்த பிள்ளைத் துணியில் ஈரமில்லாத மூலையைத் தேடி எடுத்து, தங்க நிறத்தை ஒற்றி எடுத்தாள். தேய்க்கவில்லை, ஒற்றினாள். வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாள். பிறகு தங்க நிறம் கீழே பார்க்க, கடைசிவரை உள்ளே போய் உட்காரும்வரை விரல் நுனியால் தள்ளினாள்.

பதினாறு சின்னக் கட்டங்கள் வரிசையாக வந்து நின்றன.

யாரும் கைதட்டவில்லை. இந்த மாதிரி வேலைகளுக்குத் தட்டுவதில்லை.

ஹாஜரா காட்டிய பன்னிரண்டாவதை வைகுண்டராஜ் திறந்தார். ஹமீது ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வெடித்துவிடக்கூடிய ஒன்றைப் பிடித்திருப்பவர்போல, குழந்தையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றிக்குமேல் ஒன்றும் இல்லை. தலை பாதியில் வெட்டுப்பட்டிருந்தது.

“ஆங்கிள் தப்பு” என்றார் அண்ணாச்சி. கை கட்டுப்பட்டாலும் வாய்க்குக் கட்டு இல்லை. “செத்தப் பின்னால போயி எடுத்திருக்கணும்.”

“பின்னால செவரு இருந்துச்சுண்ணே” என்றாள் ஹாஜரா. “சிரிப்பு இருக்குல்ல, போதும்.”

பிரிண்டர் ஆரம்பித்தது. அந்தக் காலத்துப் பிரிண்டர்; ஒரு முகத்தை ஒரே தடவையில் கொடுக்காது. முதலில் நெற்றி வந்தது, நின்றது. பிறகு புருவம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு யோசனை. ஹாஜரா அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹமீது அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு வந்து சேர்ந்தபோது மணி மூன்று ஐம்பது. கீழே ரோட்டில் வேன்காரன் ஹாரன் அடித்தான்.

காகிதத்தில் மை காயவில்லை.

“ஈரமா இருக்கே” என்று அண்ணாச்சி குழந்தைக்கு மேலாகக் குனிந்தார். “அப்பிடியே நீட்டு தங்கச்சி, ஊதிருதேன்.”

ஹாஜரா காகிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். “வேண்டாம்ணே. அதுவாக் காயட்டும்.”

பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஹமீது அண்ணாச்சியின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மனைவிக்கு நன்றி சொல்ல நேரமில்லை. வேன்காரன் மறுபடி அடித்துவிட்டான். அவள் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. படியில் இறங்கும்போது காகிதத்தைத் தாம்பாளம்போல மட்டமாக, முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு போனாள்.

அவர்கள் போனதும் அண்ணாச்சி கையை உதறிக்கொண்டார். “அப்பவே ஊதினேன். ஃபாரின் சாமானுல்லா, ஊதினது புடிக்கச் செத்த நேரமாகும்” என்றார். வைகுண்டராஜ் பயோடேட்டாவை வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் கழித்துப் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அண்ணாச்சி வாயால் இதே கதை எனக்குக் கேட்டது. அதில் கட்டம் வந்தது, யெஸ்ஸும் நோவும் வந்தன, தம்மாம்காரர் நடுங்கியதும் வந்தது. “எல்லாரும் யெஸ்ஸுங்காக. நான்தான் கைய எடுத்துட்டேன். எங்க கை வைக்கணும்னு எவனுக்கும் தெரியும். எப்பக் கைய எடுக்கணும்னு தெரியணும்லா” என்று முடித்தார். பொய் என்று சொல்ல முடியாது. எடுத்தார்தானே? அந்தக் கதையில் குழந்தை மட்டும் இல்லை.

ஆக, செத்தத்தள்ளியார் இப்படி இருப்பார். அடையாளம் தெரிந்துகொண்டீர்கள். இனி எங்கே பார்த்தாலும் சாமானை மறைத்துக்கொள்வீர்கள். மறைக்க முடியாவிட்டால் கையில் ஏதாவது கொடுங்கள்.

ஆனால் ஒரு சந்தேகம். வைகுண்டராஜ் அட்டையை முதல் தடவை செருகியபோதே, அது தலைகீழாகப் போகிறது என்று உங்களுக்குப் பட்டதா? அண்ணாச்சி ஊதியபோது, எச்சில் படாமல் அழிரப்பரால் தேய்த்திருக்கலாமே என்று தோன்றியதா? வேனை ஒரு பத்து நிமிஷம் நிறுத்தி வைத்திருந்தால் போதுமே என்று யோசனை வந்ததா? அதெல்லாம் போகட்டும். முதல் பக்கத்திலேயே, ‘செத்த’ என்பது ‘சற்று’ என்பதிலிருந்து வந்தது, இந்த ஆள் அதைச் சரியாகச் சொல்லவில்லை என்று உங்கள் வலது கை பேனா மூடியைத் திறந்ததா?

திறந்தது என்றால் வெட்கப்பட வேண்டாம். அண்ணாச்சி கோடு போட்டு ஒட்டிய என் நாலு பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி உடைக்க உட்கார்ந்தேன். இரண்டு இடத்தில் அவர் ஒட்டியதே நன்றாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் யோசனை என்றே விட்டுவிட்டேன்.

அதனால், நீங்கள் உட்கார்ந்திருக்கிற பெஞ்சில் எனக்கும் ஓர் இடம் வேண்டும். செத்தத் தள்ளுங்க.